குரல் அறுபடுவதற்கு மருந்து கூடுதல் வேகம் அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கோவை, திருப்பூர் வட்டாரத்துச் சிறு அலுவலகங்களில் கணினி வலையமைப்புகளை அமைத்துக் கொடுப்பதும் பழுது பார்ப்பதும் பல ஆண்டுகளாக என் தொழில். செம்புக் கம்பித் தொலைபேசியை விட்டு இணையத் தொலைபேசிக்கு மாறிய அலுவலகங்களிலிருந்து எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை ஒரே புலம்பலோடு தொடங்குகின்றன: “பேசும்போது குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது, இணைப்பை இருமடங்கு வேகத்துக்கு மாற்றிவிட்டோம், அப்படியும் சரியாகவில்லை.” மாதக் கட்டணம் கூடியதுதான் மிச்சம் என்ற நிலையில் நிற்கும் இவர்களிடம், வேகம் ஒருபோதும் உங்கள் நோயாக இருந்ததில்லை என்று சொல்ல வேண்டியிருக்கிறது. இதைப் பொதுவில் எழுதினால் சிலருடைய பணமாவது மிஞ்சும் என்பதால் இக்கடிதம்.

முதலில் ஒரு சிறு கணக்கு. அலுவலகத் தொலைபேசிகளில் பரவலாகப் பயன்படும் ஜி.711 என்ற கோடெக், நம் குரலை நொடிக்கு 64 கிலோபிட் அளவில் எண்களாக மாற்றுகிறது. அந்த எண்கள் 20 மில்லி விநாடிக்கு ஒன்றாகச் சிறு பாக்கெட்டுகளில் அடைக்கப்பட்டு, ஒவ்வொன்றின் மேலும் முகவரிகள் ஒட்டப்பட்டு அனுப்பப்படுவதால், உண்மையில் அலுவலகக் கம்பியில் ஓர் அழைப்பு ஒரு திசையில் ஏறத்தாழ 87 கிலோபிட் இடத்தை எடுத்துக்கொள்கிறது. பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் 1 மெகாபிட்டைத் தாண்டாது. ஜி.729 என்ற சிக்கனமான கோடெக்கில் இது இன்னும் மிகக் குறைவு. 2023 ஜனவரியில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை, பிராட்பேண்ட் என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால் பதிவிறக்க வேகம் குறைந்தது 2 மெகாபிட் இருக்க வேண்டும் என்று வரையறுத்தது. அந்த அடிமட்ட இணைப்பின் அளவுகூட இருபது அழைப்புகளைத் தாங்கிவிடும். அப்படியிருக்க, 100 மெகாபிட் இணைப்பில் மூன்று பேர் பேசும்போது குரல் அறுபட்டால் காரணம் வேறெங்கோ இருக்கிறது என்பதற்கு இந்தக் கணக்கைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

குரலுக்கு வேண்டியது அகலமான பாதை அன்று. தவறாத சீரான வருகை. நொடிக்கு 50 பாக்கெட்டுகள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 20 மில்லி விநாடி இடைவெளி என்ற தாளத்தில் அவை வந்துகொண்டே இருக்க வேண்டும். இணையப் பக்கத்தையோ மின்னஞ்சலையோ திறக்கும்போது வழியில் ஒரு பாக்கெட் தொலைந்தால் கணினி அதை மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். நமக்கு அரை நொடி தாமதம் தெரியாது. குரலுக்கு அந்த வசதி இல்லை. யு.டி.பி. என்ற முறையில் அனுப்பப்படும் குரல் பாக்கெட் தொலைந்தால் தொலைந்ததுதான். பந்தியில் இலை எடுத்தபின் வரும் பாயசத்தைப் போல, பிந்தி வரும் பாக்கெட்டும் வராத பாக்கெட்டும் ஒன்றே. தொலைபேசிக் கருவி, வருகையில் ஏற்படும் இந்த முன்பின்னைச் சமாளிக்கச் சில பத்து மில்லி விநாடிகளுக்கு உரிய பாக்கெட்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஒலிபரப்புகிறது. அந்தக் கையிருப்பைத் தாண்டித் தாமதமாக வருபவற்றைத் தூக்கி எறிந்துவிட்டு, முன்பு வந்த ஒலியையே நீட்டி இட்டு நிரப்புகிறது. எதிர்முனையில் பேசுபவர் எந்திர மனிதரைப் போல ஒலிப்பதன் காரணம் இந்த இட்டு நிரப்பல்தான்.

இவ்வாறு வருகை நேரம் முன்பின்னாவதைத்தான் ஜிட்டர் என்கிறோம். ஜிட்டர் 30 மில்லி விநாடிக்குள்ளும், பாக்கெட் இழப்பு 1 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது இத்துறையில் வழங்கும் நடைமுறை அளவு. ஒரு திசைப் பயண நேரம் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் பெரும்பாலான உரையாடல்களுக்கு இடையூறில்லை, 400-ஐத் தாண்டக் கூடாது என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. இந்த மூன்று எண்களில் ஒன்றுகூட இணைப்பு விற்கும் விளம்பரத்தில் இருப்பதில்லை. நாம் செய்து பார்க்கும் வேகச் சோதனையிலும் யாரும் அவற்றைக் கவனிப்பதில்லை.

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி அலுவலகத்தில் நான் கண்டதை எழுதினால் இது தெளிவாகும். வெளிநாட்டு வாங்குநர்களோடு நாள்தோறும் பேசும் பிரிவு அது. முற்பகல் பதினொரு மணியளவிலும் மாலை நான்கரைக்கு மேலும் குரல் சிதறும். இடைப்பட்ட நேரத்தில் ஒரு குறையும் இராது. இணைப்பை 50 மெகாபிட்டிலிருந்து 200-க்கு உயர்த்தியிருந்தார்கள். தொலைபேசிக் கருவிகளையும் மாற்றியிருந்தார்கள். நான் செய்தது ஒன்றே: ஒரு கணினியில், சிறு பாக்கெட்டை அனுப்பிப் பதில் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கும் பிங் கட்டளையை ஓடவிட்டு, நாள் முழுவதும் அந்த எண்களைக் கோப்பில் பதிந்து வைத்தேன். சும்மா இருக்கும்போது 10 மில்லி விநாடிக்குள் வந்த பதில், பதினொரு மணிக்கு 600-ஐத் தொட்டது. அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்று விசாரித்தபோது, வடிவமைப்புப் பிரிவினர் துணி மாதிரிகளின் பெரிய படக் கோப்புகளை மேகச் சேமிப்புக்கு அனுப்பும் வேளை அது என்று தெரிந்தது. அவர்கள் வாங்கிய 200 மெகாபிட் பதிவிறக்கத்துக்கு மட்டும் உரியது. பதிவேற்றத்துக்குக் கிடைத்தது அதில் ஒரு சிறு பங்கு. கோப்பு அனுப்பும் மென்பொருளோ எவ்வளவு கொடுத்தாலும் அவ்வளவையும் எடுத்துக்கொள்ளும் இயல்புடையது.

இங்கே கோப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. ரூட்டரின் உள்ளே வெளியேறக் காத்திருக்கும் பாக்கெட்டுகளுக்கு ஒரு வரிசை இருக்கிறது. நினைவகம் மலிவானபின் செய்யப்பட்ட பல ரூட்டர்களில் இந்த வரிசை வேண்டாத நீளத்துக்கு வைக்கப்பட்டிருக்கிறது. நொடிக்கு 10 மெகாபிட் வெளியேறும் பாதையில் 1 மெகாபைட் (அதாவது 8 மெகாபிட்) கோப்பு வரிசையில் நின்றால், அதன் பின்னால் வரும் குரல் பாக்கெட் முக்கால் நொடிக்கும் மேல் காத்துக் கிடக்க வேண்டும். எதுவும் தொலையவில்லை, எல்லாம் பத்திரமாகப் போய்ச் சேருகின்றன, ஆனால் உரையாடல் செத்துவிடுகிறது. இந்தக் கோளாற்றுக்கு ‘பஃபர்பிளோட்’ என்று பெயர் சொல்லி 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உலகின் கவனத்தைத் திருப்பியவர் ஜிம் கெட்டிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர். வரிசையின் நீளத்தைப் பாராமல் ஒவ்வொரு பாக்கெட்டும் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்பதைப் பார்த்து வரிசையை ஒழுங்குபடுத்தும் ‘கோடெல்’ என்ற முறையைக் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-இல் வெளியிட்டார்கள். அதன் வளர்ந்த வடிவமான ‘எஃப்.க்யூ. கோடெல்’ 2018-இல் இணையப் பொறியியல் பணிக்குழுவின் ஆவணமாகவும் வெளியாகிவிட்டது. விலை குறைந்த ரூட்டர்கள் சிலவற்றில்கூட இன்று இது கிடைக்கிறது. ஆனால் அணைத்து வைக்கப்பட்டிருக்கும்.

திருப்பூர் அலுவலகத்தில் இதை இயக்கி, பதிவேற்றத்தின் உச்ச அளவை உண்மையில் கிடைக்கும் வேகத்தில் பத்தில் ஒன்பது பங்காக ரூட்டரிலேயே கட்டுப்படுத்தினேன். அப்படிச் செய்தால் வரிசை சேவை நிறுவனத்தின் பெட்டியில் தேங்காமல் நம் கட்டுப்பாட்டில் உள்ள ரூட்டரில் நிற்கும். நின்றால் குரலை முன்னே விடலாம். கோப்புகள் முன்பைவிடச் சில நிமிடம் தாமதமாகப் போகின்றன. குரல் சிதறுவது அன்றோடு நின்றது. கூடுதலாக வாங்கிய வேகத்தை அவர்கள் திருப்பிக் கொடுக்கவில்லை; அது வேறு கதை.

இன்னொரு அலுவலகத்தில் இதே நோய்க்குக் காரணம் வாசலிலும் கிடங்கிலும் மாட்டிய கண்காணிப்புக் கேமராக்கள். எட்டுக் கேமராக்களும் இரவு பகலாகக் காட்சியை வெளியே அனுப்பிக்கொண்டிருந்ததை மாட்டியவரைத் தவிர ஒருவரும் அறிந்திருக்கவில்லை.

குறை சொல்பவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, “கெட்டுப்போன குரலைக் கேட்டவர் யார்?” என்பது. இதற்கு உடனே விடை சொல்லக்கூடியவர்கள் அரிது. நம் பேச்சு எதிர்முனையில் சிதறிக் கேட்டால் கோளாறு நம்மிடமிருந்து வெளியே போகும் பாதையில். அவர்கள் பேச்சு நமக்குச் சிதறிக் கேட்டால் உள்ளே வரும் பாதையில். இரண்டும் தனித்தனிப் பாதைகள். ஒன்று பழுதாக இருக்கும்போது மற்றது செம்மையாக இருக்கலாம். வரவேற்பு மேசையில் ஒரு சாதாரண நோட்டுப் புத்தகத்தை வைத்து, எந்த எக்ஸ்டென்ஷன், என்ன நேரம், யாருக்குக் கேட்டது, அறுபட்டதா, எதிரொலித்ததா, ஒருபக்கம் மட்டும் கேட்டதா, அழைப்பு துண்டித்ததா என்று ஒரு வாரம் எழுதச் சொன்னால், பொறியாளர் வந்து அரை நாள் தேடும் வேலையை அந்த நோட்டு மிச்சப்படுத்தும். ஓர் எக்ஸ்டென்ஷனில் மட்டும் குறை என்றால் இணைப்பைச் சந்தேகிக்கவே தேவையில்லை. அலுவலகத்துக்குள்ளேயே ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் பேசிப் பார்ப்பதும் நல்ல சோதனை. பல அமைப்புகளில் உள் அழைப்பின் குரல் கட்டடத்தை விட்டு வெளியேறுவதே இல்லை; அந்த அழைப்பும் கரகரத்தால் குற்றவாளி நம் சுவருக்குள்தான் இருக்கிறான்.

சுவருக்குள் இருக்கும் குற்றவாளிகளில் முதலிடம் வைஃபைக்கு. கம்பியில்லாத் தொலைபேசியும், கைப்பேசியில் போட்ட அலுவலகச் செயலியும் வசதிதான். ஆனால் ஓர் அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்பது வைஃபையின் அடிப்படை விதி. மற்றவர்கள் முறை வரும்வரை காத்திருக்க, அந்தக் காத்திருப்பே ஜிட்டராகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 என மூன்றே. அடுக்குமாடி வணிக வளாகத்தில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு ரூட்டர் இருக்கும்போது இந்த மூன்றும் போதாமல் போவது இயல்பு. ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் நாள்தோறும் ஒரு மணியை ஒட்டி அரை மணி நேரம் மட்டும் தொலைபேசி கெட்டுப்போவதன் காரணம், அந்த மேசைக்குப் பின்சுவரில் இருந்த சமையல் மூலையில் ஊழியர்கள் மதிய உணவைச் சூடாக்கிய மைக்ரோவேவ் அடுப்பு. அதுவும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில்தான் இயங்குகிறது. இயன்ற இடத்திலெல்லாம் மேசைத் தொலைபேசிக்குக் கம்பி இழுத்துவிடுங்கள் என்பதே என் பரிந்துரை. இயலாத இடத்தில் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

கம்பியும் எப்போதும் யோக்கியன் அன்று. என்னை அதிகம் அலைக்கழித்த பழுது ஒன்று உண்டு. அலுவலகக் கருவிகளின் வலையமைப்புக் கம்பிகளையெல்லாம் ஒன்றிணைக்கும் சுவிட்ச் என்ற பெட்டியின் ஒரு துளையை யாரோ ‘100 மெகாபிட், முழு இருவழி’ என்று கையால் நிலைநிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள். மறுமுனையில் இருந்த கருவி தானாகப் பேசி முடிவு செய்யும் அமைப்பில் இருந்தது. பேச மறுத்த எதிர்முனையைக் கண்டு அது பாதுகாப்பாக அரைவழிக்கு இறங்கிவிடும் என்பது ஈதர்நெட் விதி. ஆக, ஒருமுனை இரண்டு திசையிலும் ஒரே நேரத்தில் அனுப்பலாம் என்று நினைக்கிறது. மறுமுனை ஒருவர் பேசினால் மற்றவர் காத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறது. பிங் சோதனையில் ஒவ்வொன்றாகப் போய் வரும் சிறு பாக்கெட்டுகள் மோதிக்கொள்ள வாய்ப்பில்லாததால் சோதனை நூற்றுக்கு நூறு தேறும். இருதிசையிலும் நொடிக்கு ஐம்பது பாக்கெட் ஓடும் தொலைபேசி அழைப்பு மட்டும் சிதறும். சுவிட்சின் பதிவுகளில் ஒருபக்கம் தாமத மோதல்களின் எண்ணிக்கையும், மறுபக்கம் சரிபார்ப்புப் பிழைகளின் எண்ணிக்கையும் ஏறிக்கொண்டே போவதைக் கண்டபோதுதான் விளங்கியது. அந்த இரண்டு எண்களைப் பார்க்கத் தெரிந்த பணியாளர் ஒருவர் அலுவலகத்தில் இருந்திருந்தால் மூன்று வாரம் வீணாகியிருக்காது. இத்துடன் சரியாக நெரிக்கப்படாத இணைப்பு முனைகள், 100 மீட்டர் வரம்பை மீறி மாடிக்கு மாடி இழுக்கப்பட்ட கம்பிகள் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். அவை கண்ணால் பார்த்தும் சோதனைக் கருவியால் அளந்தும் பிடிபடக்கூடியவை.

எதிரொலியைப் பற்றி நிலவும் தவறான எண்ணத்தையும் குறிப்பிட வேண்டும். தன் குரலே திரும்பக் கேட்கிறது என்று ஒருவர் முறையிட்டால், அவருடைய கருவியைத்தான் எல்லோரும் மாற்றுகிறார்கள். எதிரொலியைக் கேட்பவரிடம் பழுது இருப்பது அபூர்வம். அவர் குரல் மறுமுனையில் ஒலிபெருக்கி வழியாக வெளியாகி, அங்குள்ள மைக்கில் நுழைந்தோ, பழைய இரட்டைக் கம்பி வழிக்கு மாறும் சந்திப்பில் தெறித்தோ திரும்பி வருகிறது. மறுமுனையில் ஒலிபெருக்கியை அணைத்து ஹெட்செட்டை மாட்டச் சொன்னால் பாதி வழக்குகள் அங்கேயே முடிந்துவிடும். செம்புக் கம்பிக் காலத்திலும் இந்தத் தெறிப்பு இருந்தது. பயண நேரம் மிகக் குறைவாக இருந்ததால் அது பேச்சோடு கலந்து காதுக்குத் தெரியாமல் போயிற்று. இணையத்தில் தாமதம் கூடியதும் அதே தெறிப்பு எதிரொலியாகப் பிரிந்து கேட்கத் தொடங்கியது.

ஒருபக்கக் குரல் மட்டும் கேட்பதும், அழைப்பு குறித்த நேரத்தில் துண்டிப்பதும் வேறு இனம்; இவற்றில் இணைப்பின் தரத்துக்குப் பங்கு அனேகமாக இல்லை. எடுத்த அழைப்பு ஒவ்வொன்றும் சரியாக 32 நொடியில் துண்டிக்கிறது என்று ஒருவர் சொன்னால் எனக்கு மகிழ்ச்சி. அவ்வளவு துல்லியமாக வரும் நோய்க்கு மருந்து எளிது. அழைப்புகளை ஏற்படுத்தும் எஸ்.ஐ.பி. என்ற நெறிமுறையில், அழைப்பை எடுத்த முனை, தான் எடுத்ததற்கு ஒப்புதல் வரும் என்று அரை நொடியின் 64 மடங்கு, அதாவது 32 நொடி காத்திருக்கும்; வராவிட்டால் அழைப்பை முறிக்கும். ஒப்புதல் வராததன் காரணம் பெரும்பாலும் முகவரி குழம்பியது. அலுவலகத்துக்குள் ஒரு முகவரியும் வெளியே ஒரு முகவரியுமாக மாற்றித்தரும் ரூட்டர், உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு எஸ்.ஐ.பி. செய்திகளுக்குள் கைவைத்துத் திருத்துகிறது. ‘எஸ்.ஐ.பி. ஏ.எல்.ஜி.’ என்ற பெயரில் பல ரூட்டர்களில் ஆலையிலிருந்தே இயக்கப்பட்டு வரும் இந்த உதவியை அணைத்தாலே ஒருபக்கக் குரல், அரை நிமிடத் துண்டிப்பு, உள்ளே வரும் அழைப்பு மணியடிக்காமை ஆகியவற்றில் பெரும்பகுதி தீர்ந்துவிடுகிறது. சேவை நிறுவனம் கொடுத்த பெட்டி ஒன்றும் நாம் வாங்கிய ரூட்டர் ஒன்றுமாக இரண்டு இடங்களில் முகவரி மாறினால் குழப்பம் இரட்டிப்பாகும். ஒன்றை, முகவரியை மாற்றாமல் அப்படியே கடத்திவிடும் வெறும் பாலமாக்கிவிட வேண்டும். பதினைந்து நிமிடத்திலோ அரை மணியிலோ துண்டித்தால், அழைப்பு உயிரோடு இருக்கிறதா என்று இரு முனைகளும் அவ்வப்போது கேட்டுக்கொள்ளும் அமர்வு நேர அமைப்பைப் பார்க்க வேண்டும். அதன் வழக்கமான அளவு 1,800 நொடி, பாதி நேரம் கழிந்ததும் புதுப்பித்தல் நடக்கும்.

குரல் பாக்கெட்டின் மேல் 46 என்ற முன்னுரிமை முத்திரையைக் குத்திவிட்டால் எல்லாம் சரியாகும் என்று விற்பனையாளர்கள் சொல்வதையும் அளவோடு நம்ப வேண்டும். நம் சுவிட்சும் ரூட்டரும் அந்த முத்திரையை மதிக்கும்படி அமைத்தால் நம் எல்லைக்குள் அது நன்கு வேலை செய்கிறது. எல்லையைத் தாண்டிப் பொது இணையத்தில் நுழைந்ததும் அதை யாரும் மதிக்கக் கடமைப்பட்டவர்கள் அல்லர்; தனிக் கட்டணம் செலுத்தி ஒப்பந்தம் செய்த தடங்களில் மட்டுமே அதற்கு உறுதி உண்டு.

இவ்வளவும் எழுதியதால் சேவை நிறுவனங்கள் குற்றமற்றவை என்று நான் சான்று கொடுப்பதாக யாரும் கொள்ள வேண்டாம். இணைப்பே பழுதாக இருக்கும் வழக்குகளும் என்னிடம் வருகின்றன. ஆனால் அதை மெய்ப்பிக்கும் பொறுப்பு நம் தலையில்தான் விழுகிறது. ரூட்டரிலிருந்து வெளியே போகும் முனையில் வயர்ஷார்க் போன்ற இலவச மென்பொருளைக் கொண்டு அழைப்பைப் பதிவு செய்தால், ஒவ்வொரு குரல் பாக்கெட்டிலும் இருக்கும் வரிசை எண்ணை வைத்து எத்தனை தொலைந்தன, ஜிட்டர் எவ்வளவு என்று அதுவே கணக்கிட்டுச் சொல்லிவிடும். வெளியிலிருந்து வந்து சேரும்போதே எண்கள் விட்டுப்போயிருந்தால் பழுது நம்முடையது அன்று என்பதற்கு அது கைச்சான்று. பாக்கெட் போகும் வழியில் உள்ள ஒவ்வொரு நிலையத்தையும், அதாவது ஒவ்வொரு ரூட்டரையும், சோதிக்கும் கட்டளையையும் சில நாள் ஓடவிடலாம். இதில் ஓர் எச்சரிக்கை: நடுவில் ஒரு நிலையம் மட்டும் 30 சதவீத இழப்பைக் காட்டி, அதற்கு அப்பால் உள்ளவை இழப்பே காட்டாவிட்டால், அந்த நிலையம் சோதனைக்குப் பதில் சொல்வதைக் குறைத்துக்கொண்டிருக்கிறது என்றுதான் பொருள். இழப்பு தொடங்கிய இடத்திலிருந்து கடைசி நிலையம் வரை தொடர்ந்தால் மட்டுமே அது உண்மையான இழப்பு. இந்த வேறுபாடு தெரியாமல் போய் வாதாடி, எங்கள் தொழிலில் உள்ளவர்களே தலைகுனிந்து வந்திருக்கிறார்கள். அவர்களில் நானும் ஒருவன்.

இப்படி ஒரு வாரச் சான்றோடு ஒரு வாடிக்கையாளர் சார்பில் உதவி மையத்தை அழைத்தபோது கிடைத்த பதிலையும் எழுத வேண்டும். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. எல்லோரிடமும் ஏறக்குறைய இதே பதில்தான். “வேகச் சோதனை செய்து பாருங்கள், வேகம் வருகிறதல்லவா, அப்படியானால் எங்கள் பக்கம் சரி” என்று முறையீட்டை முடித்துவைத்தார்கள். மாலை ஏழு மணிக்கு 3 சதவீதப் பாக்கெட் தொலைகிறது என்று சொன்னதை எழுதிக்கொள்ள அவர்களுடைய கணினியில் கட்டமே இல்லை போலும். நான்காவது முறை மேலதிகாரி ஒருவரை எட்டிய பிறகு, தெருமுனைப் பெட்டியில் கண்ணாடி இழை முனை ஒன்று அழுக்கேறிக் கிடந்தது கண்டுபிடிக்கப்பட்டது. துடைத்து மாட்டியதும் சரியாயிற்று. பத்து நிமிட வேலை; ஐந்து வாரக் காத்திருப்பு.

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஆகஸ்டில் வெளியிட்டு அதே ஆண்டு அக்டோபர் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த சேவைத் தர விதிமுறைகள், வேகத்தோடு தாமதம், பாக்கெட் இழப்பு போன்றவற்றையும் கணக்கில் கொள்கின்றன. இது வரவேற்கத்தக்கது. ஆனால் பரந்த பகுதிக்குக் கணக்கிடும் சராசரியில் ஒரு தெருவின், ஒரு கட்டடத்தின் துன்பம் கரைந்துவிடும். வாடிக்கையாளர் ஒருவர் முறையிடும்போது அவருடைய சொந்த இணைப்பின் பாக்கெட் இழப்பையும் ஜிட்டரையும் அளந்து எழுத்தில் தர வேண்டும் என்ற கடமையைச் சேவை நிறுவனங்கள் ஏற்க வேண்டும். விளம்பரத்தில் பதிவிறக்க வேகத்தை அச்சிடும் அதே எழுத்தளவில் பதிவேற்ற வேகத்தையும் அச்சிட வேண்டும். இரண்டும் தொழில்நுட்ப அளவில் கடினமானவை அல்ல.

இணையத் தொலைபேசி அமைப்பை விற்று மாட்டித்தருபவர்களிடமும் ஒரு கோரிக்கை உண்டு; அவர்களில் பலர் எனக்குத் தெரிந்தவர்கள் என்பதால் உரிமையோடு கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத அலுவலகத்தில் கருவிகளை மாட்டி, ஓர் அழைப்பு பேசிப் பார்த்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போவது சோதனை ஆகாது. ஒரு பெரிய கோப்பைப் பதிவேற்றிக்கொண்டே நான்கு அழைப்புகளை ஒரே நேரத்தில் பேசிப் பார்த்து, அப்போதைய தாமதத்தையும் இழப்பையும் தாளில் எழுதி வாடிக்கையாளரிடம் கொடுக்க வேண்டும். ரூட்டரின் கடவுச்சொல்லையும் அமைப்புகளின் படியையும் அலுவலகத்திடம் ஒப்படைக்க வேண்டும். மாட்டியவர் ஊரை விட்டுப் போய்விட்டார், கடவுச்சொல் அவரோடு போய்விட்டது என்ற நிலையில், ஓர் அமைப்பை மாற்றுவதற்காகக் கருவி முழுவதையும் ஆலை நிலைக்குத் திருப்பிப் புதிதாகக் கட்ட வேண்டிய வேலை மாதத்துக்கு ஒன்றாவது எனக்கு வருகிறது. மின்வெட்டையும் அவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: பழைய செம்புக் கம்பி, தொலைபேசி நிலையத்தின் 48 வோல்ட் மின்கல அடுக்கிலிருந்து தானே மின்சாரம் கொண்டுவந்தது. இணையத் தொலைபேசிக்கு ரூட்டர், சுவிட்ச், கண்ணாடி இழைப் பெட்டி ஆகிய மூன்றும் யு.பி.எஸ்ஸில் இருந்தால்தான் உயிர். இரண்டை மட்டும் யு.பி.எஸ்ஸில் மாட்டி மூன்றாவதை மறந்த அலுவலகங்கள் என் பட்டியலில் கணிசமாக இருக்கின்றன.

இந்த வாரம் எங்கேனும் ஓர் அலுவலகத்தில் கூடுதல் வேகத் திட்டத்துக்கான படிவம் மேசைமேல் நிரப்பப்படாமல் கிடக்குமானால், அதில் கையெழுத்திடுமுன் வரவேற்பு மேசையில் அந்த நோட்டுப் புத்தகத்தை ஒரு வாரம் வைத்துப் பார்க்கும்படி தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வலையமைப்புப் பணியாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்